தோற்றவர்கள் கட்சி

காதல் மாங்கா, அதாவது ஜப்பானியக் காதல் படக்கதை, படிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் சண்டை எந்தப் பையன் என்பதில்தான் வரும். தோம்யோஜியா ருயியா, கோவா டோமாவா என்று ஆரம்பித்துப் பழைய நட்பே முறிகிற அளவுக்குப் போகும். எனக்கு அதில் பெரிய சுவாரசியம் கிடையாது. நாயகி யாரோடு சேருவாள் என்பது முக்கால்வாசி மாங்காக்களில் முதல் தொகுதியின் அட்டைப் படத்திலேயே தெரிந்துவிடுகிறது. சேராமல் போகிறவர் என்ன ஆகிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். அந்த ஆளை எழுத்தாளர் நடத்துகிற விதத்தை வைத்தே மாங்காவுக்கு மார்க் போட்டுவிடுவேன். இன்றைக்கு அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன். இனிமேல்தான் படிக்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளுங்கள்.

கருஹோ ஷீனாவின் 'கிமி நி தோதோகே' பலரும் படித்தது, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஹொக்கைடோவில் ஒரு பள்ளிக்கூடம். நீளக் கருங்கூந்தல், சிரிக்க முயன்றால் எதிரில் இருப்பவர் பயந்து ஓடுகிற முகம், அதனால் பேய்ப்படத்துச் சடாகோவின் பெயரையே பட்டப்பெயராக வாங்கிய சவாகோ. வகுப்பே கொண்டாடுகிற கசேஹாயா. இவர்களுக்கு நடுவில் வருகிறவள் குருமி. முழுப்பெயர் குருமிசாவா உமே. உமே என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. பொம்மை மாதிரி இருப்பாள், எல்லோரிடமும் தேன் ஒழுகப் பேசுவாள். கசேஹாயாவை நடுநிலைப் பள்ளியிலிருந்தே விரும்புகிறவள். 'அவன் எல்லோருக்கும் பொது, யாரும் தனியாக நெருங்கக் கூடாது' என்று மற்ற பெண்களைச் சேர்த்து ஒப்பந்தமே போட்டு வைத்தவள். சவாகோவின் தோழிகள் ஆயானே, சிசுரு இருவரைப் பற்றியும் கேவலமான வதந்தியைக் கிளப்பி, அதைச் சவாகோதான் பரப்பினாள் என்று நம்பவைப்பதும் அவள்தான்.

சாதாரணமாக இந்த மாதிரிப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கும். சதி செய்வாள், மாட்டுவாள், எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுக் காணாமல் போவாள். ஷீனா அப்படிச் செய்யவில்லை. குருமி சவாகோவிடமே வந்து, கசேஹாயாவோடு சேர எனக்கு உதவு என்று கேட்கிற இடம் ஒன்று உண்டு. யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாத சவாகோ அங்கேதான் முதல்முறையாக முடியாது என்கிறாள். தனக்குள் இருப்பது நன்றியோ மரியாதையோ மட்டும் இல்லை என்று அவளுக்கே புரியத் தொடங்குவது அப்போதுதான். அந்தக் காதலை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது கசேஹாயா கூட இல்லை, குருமிதான். ஒரே பையனை, ஒரே காரணங்களுக்காக, ஒரே அளவு விரும்புகிற இன்னொருத்தி உலகத்தில் அவள் ஒருத்திதானே.

பிறகு குருமி கசேஹாயாவிடம் நேரே போய்ச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். அதோடு அவள் கதை முடியவில்லை என்பதுதான் முக்கியம். கடைசித் தொகுதிகளில் சவாகோவும் குருமியும் ஒன்றாக உட்கார்ந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள், ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். அதற்குள் குருமி திருந்திய நல்ல பெண் ஆகிவிட்டாளா என்றால் இல்லை. வாய் அப்படியேதான் இருக்கிறது. அன்பைக் கூட எரிச்சலாகத்தான் சொல்வாள். 30 தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஜோடி எது என்று கேட்டால் சவாகோவும் குருமியும் என்பேன். முதன்மைத் தொடர் 2017-இல் முடிந்த பிறகு ஷீனா குருமியை நாயகியாக வைத்துத் தனிக்கதையும் எழுதினார். எழுத்தாளருக்கே அவளை விட மனமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

கசேஹாயாவைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பிள்ளை. அவ்வளவுதான். பத்தாவது தொகுதி வாக்கில் இருவரும் மனம் திறந்துவிடுகிறார்கள், மிச்சத் தொகுதிகளில் பாதி கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று போகிறது. அந்த இடங்களில் எல்லாம் கதையைத் தூக்கி நிறுத்துவது தோழிகள்தான். சிசுருவுக்குத் தோரு மேல் ஆசை. தோருவின் தம்பி ரியூவுக்குச் சிசுரு மேல் ஆசை. ராமென் கடை வைத்திருக்கிற அந்த வீட்டுக்குத் தோரு, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். ரியூ ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டான். தான் விரும்புகிறவள் தன் அண்ணனை நினைத்து அழும்போது பக்கத்தில் இருக்கிறான், அவ்வளவே.

அடுத்து சிக்கா உமினோவின் 'ஹனி அண்ட் குளோவர்'. 2000-இல் தொடங்கி மூன்று இதழ்கள் மாறி 2006-இல் முடிந்த தொடர், பத்தே தொகுதி. இதில் ஏறக்குறைய எல்லோருமே தோற்கிறவர்கள். கலைக்கல்லூரியில் மண்பாண்டம் செய்கிற யமதா ஆயுமிக்கு மயாமா மேல் காதல். மயாமாவுக்கு, தான் வேலை பார்க்கிற இடத்தின் ரிக்கா மேல். ரிக்காவோ விபத்தில் கணவனைப் பறிகொடுத்துவிட்டு, அதே விபத்தின் காயத்தோடு கைத்தடி ஊன்றி நடக்கிறவள். வரிசையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் யமதாவுக்கு ஆள் இல்லாமல் இல்லை. அவர்கள் தெருக் கடைக்காரப் பையன்கள் எல்லோரும் சிறுவயதிலிருந்தே அவள் மேல் உயிராக இருக்கிறார்கள், கும்பலாக வந்து பெண் கேட்கிறார்கள். அவளுக்கு வேண்டியது ஒருவன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த இரவுக் காட்சியைப் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. யமதா நன்றாகக் குடித்துவிட்டிருக்கிறாள், மயாமா அவளை முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான். அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் 'ம்' என்கிறான். வேறு ஒன்றும் இல்லை. அந்த 'ம்'மில் சம்மதமும் கிடையாது, மறுப்பும் கிடையாது. காதில் விழுந்தது, வைத்துக்கொண்டேன், திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. வசனம் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த இடத்தில் அவன் வாயில் ஓர் ஆறுதல் வாக்கியத்தைத் திணிக்காமல் நிறுத்தியதற்காகவே உமினோவுக்குக் கும்பிடு போடலாம்.

மயாமா நல்லவனா என்றால் அதுவும் சிக்கல்தான். ரிக்காவை அவன் பின்தொடர்கிற விதம் சில இடங்களில் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. ஆனால் யமதாவுக்கு அவன் பொய் நம்பிக்கை கொடுப்பதில்லை. அப்புறம் அதே கல்லூரியில் படிக்கிற தகெமோதோ. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜப்பானின் வட முனை வரை மிதித்துப் போய்த் திரும்பி வந்து, கூடப் படிக்கிற ஹகுவிடம் காதலைச் சொல்கிறான். அவள் நன்றி சொல்கிறாள். முடிவில் ஹகு தனக்குத் துணையாகத் தேர்ந்தெடுப்பது, உறவுக்காரரும் அவளை வளர்த்தவர் மாதிரி இருந்தவருமான பேராசிரியரை. அந்த முடிவு இன்று வரை எனக்கு ஜீரணம் ஆகவில்லை. ஆனாலும் ஊரைவிட்டுப் போகிற ரயிலில் அவள் கொடுத்த பொட்டலத்தைத் தகெமோதோ பிரிக்கிறான். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் தேனும் நான்கு இலைக் குளோவர்களும். ஒவ்வொன்றையும் அவளே தேடிப் பறித்திருக்க வேண்டும். கைகூடாத காதலுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

இப்போது பழைய சரக்குக்கு வருவோம். ருமிகோ தகாஹாஷியின் 'மேசன் இக்கோகு', 1980 முதல் 1987 வரை, 15 தொகுதி. இன்னொரு பக்கம் 'உருசேய் யாத்சுரா'வையும் எழுதி வரைந்துகொண்டே இதையும் செய்தார் என்பது நம்ப முடியாத விஷயம். ஓட்டை உடைசலான ஒரு வாடகை விடுதி, அதைப் பார்த்துக்கொள்கிற இளம் விதவை கியோகோ, அங்கே குடியிருக்கிற ஏழை மாணவன் கோதாய். எதிரில் போட்டிக்கு மிதாகா. டென்னிஸ் பயிற்சியாளர், பணக்காரர், சிரித்தால் பல் பளிச்சென்று மின்னும். எல்லா விதத்திலும் கோதாயைவிடப் பொருத்தமான வரன்.

நம் சினிமாவில் காதலில் தோற்றவன் என்றால் தாடி, பாட்டில், பக்கத்தில் ஒரு நாய். மிதாகாவுக்கு அந்த நாயே ஆகாது. நாயைக் கண்டால் உடம்பு விறைத்துவிடும். கியோகோவோ ஒரு பெரிய வெள்ளை நாய் வளர்க்கிறாள், இறந்துபோன கணவனின் பெயரே அதற்கும், சோயிச்சிரோ. மனிதர் பயத்தை வெல்வதற்காகத் தானே ஒரு குட்டி நாயை வாங்கி வளர்க்கிறார். கடைசியில் அவரைக் கவிழ்ப்பதும் அந்த நாய்தான். வீட்டார் பார்த்த பெண் அசுனா கர்ப்பம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, போதையில் என்ன நடந்ததோ தெரியவில்லையே, பொறுப்பை ஏற்க வேண்டும் என்று கியோகோவிடம் விலகிக்கொள்கிறார். கர்ப்பம் ஆனது அசுனாவின் நாய், அதுவும் மிதாகாவின் நாயால். உண்மை தெரியும்போது வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பின்வாங்கவில்லை. விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிற இடம். ஆனால் சிரித்து முடிக்கும்போது இந்த மனிதர் மேல் மரியாதை கூடியிருக்கும்.

தகாஹாஷி இதையும் தாண்டிப் போகிறார். கோதாய்க்கு உண்மையான போட்டி மிதாகா இல்லை, செத்துப்போன சோயிச்சிரோ. செத்தவனோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? அவனுக்கு வயதாகாது, தப்புச் செய்ய மாட்டான். முடிவுக்குப் பக்கத்தில் கோதாய் அவன் கல்லறைக்குப் போய் நின்று பேசுகிறான். கியோகோவின் மனதில் நீங்கள் இருக்கிறீர்கள், நான் முதலில் பார்த்த கியோகோவும் உங்களோடு சேர்ந்த கியோகோதான், உங்களையும் சேர்த்தே அவரை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற மாதிரி. பின்னால் நின்று கியோகோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். போட்டியாளனைத் தோற்கடிக்காமலே ஒரு காதல் கதையை முடிக்க முடியும் என்று காட்டிய பக்கங்கள் அவை.

அதற்காகக் கோதாயை முழுதாக மன்னிக்க நான் தயாரில்லை. கொசுயே என்ற பெண்ணோடு இந்த ஆள் வருஷக்கணக்கில் சுற்றுகிறான். அவள் காதலன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வங்கியில் கூட வேலை பார்க்கிறவனோடு கல்யாணம் நிச்சயமாகி, கதையிலிருந்து பாந்தமாக வெளியேற்றப்படுகிறாள். மிதாகாவுக்குக் கிடைத்த மரியாதை கொசுயேவுக்குக் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்த மாங்காவிலேயே இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது.

யோகோ கமியோவின் 'ஹானா யோரி டாங்கோ'வைப் பற்றி எழுதாமல் போனால் அடிக்க வருவீர்கள். 1992-இல் தொடங்கி 37 தொகுதி. தைவான்காரர்களும் கொரியாக்காரர்களும் நாடகமாக எடுத்து ஆசியா முழுவதும் பரப்பியது. தோம்யோஜியை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத பையனின் லாக்கரில் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டால் பள்ளிக்கூடமே சேர்ந்து அவனைத் துரத்தி அடிக்கும், அதுதான் இவன் பொழுதுபோக்கு. ஆரம்பத்தில் நாயகி மகினோவிடமே பலவந்தமாக நடக்கப் பார்க்கிறான். பிறகு மாறுகிறான், உண்மைதான். ஆனால் சிவப்புச் சீட்டு வாங்கிய மற்ற பையன்கள் என்ன ஆனார்கள் என்று கதை கேட்பதே இல்லை. மகினோவை மட்டும் கேட்டால் போதுமா? ருயி இந்தப் பக்கம் முனிவராகிவிட்டான். அவசரப் படிக்கட்டில் படுத்துக்கிடக்கிறவன், மகினோவுக்கு எப்போது தேவையோ அப்போது எழுந்து வருவான். ஒரு நாளாவது கோபப்பட்டிருந்தால் அவனை மனிதன் என்று நம்பியிருப்பேன்.

என் கட்சிக்கே குழி பறிக்கிற ஒரு மாங்காவும் உண்டு, ஆய் யசாவாவின் 'நானா'. கர்ப்பமாக இருக்கிற ஹாச்சிக்குக் குழந்தை யாருடையது என்று நிச்சயமில்லை. நோபு நல்லவன், அவளை உயிராக நேசிக்கிறவன். தகுமி சுயநலக்காரன், பெண்களை மதிக்காதவன். ஆனால் குழந்தை யாருடையதாக இருந்தாலும் நான் ஏற்கிறேன் என்று அந்த நேரத்தில் சொல்கிறவன் தகுமி. நோபுவால் சொல்ல முடியவில்லை. நோபுவுக்காக நானும் பக்கம் பக்கமாக வருத்தப்பட்டவன்தான், ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தில் அவன் தோற்றது நியாயமாகவே பட்டது. நல்லவன் என்பதற்காக யசாவா அவனுக்குக் கருணை மார்க் போடவில்லை. உடல்நிலை காரணமாக அவர் 2009-இல் நிறுத்தியது, 21 தொகுதியோடு நிற்கிறது.

ஹாரெம் வகை மாங்காக்களில் ஐந்து பெண்களை நிறுத்தி, ஒருத்தியைத் தேர்ந்து, நாலு பேருக்கும் ஆளுக்கொரு அழுகைப் பக்கம் கொடுத்து அனுப்புகிற வழக்கம் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குதிரைப் பந்தயம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

மனசு லேசாக வேண்டும் என்றால் 'ஓரே மோனோகதாரி' படியுங்கள். கசுனே கவாஹாரா எழுத்து, அருகோ ஓவியம், 13 தொகுதி. மலை மாதிரி உடம்பு கொண்ட தகேயோ விரும்பிய பெண்கள் எல்லோரும் அவன் நண்பன் சுனகாவாவைத்தான் விரும்பினார்கள். சுனகாவா அத்தனை பேரையும் மறுத்துவிட்டான். ஏன் என்று தகேயோவுக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் அவர்கள் எல்லோரும் தகேயோவைக் கேலி பேசினார்கள் என்பதுதான் காரணம். அதை நண்பனிடம் ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் இருந்திருக்கிறான். மற்ற மாங்காக்களில் நாயகனாக நிற்க வேண்டியவன் இதில் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக என் மனக்குறை. இயோ சகிசாகாவின் 'ஆவோ ஹாரு ரைட்'டில் டோமா செய்த தப்பு என்ன? சொல்லுங்கள், ஒரே ஒரு தப்பு. கோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிற காலத்தில் நாயகி ஃபுதாபாவைச் சிரிக்க வைத்தவன் டோமா. அவள் மனதில் யார் இருக்கிறார் என்று தெரிந்தே காத்திருந்தவன். 13 தொகுதியில் அவனுக்குக் கிடைத்தது ஒரு நல்ல பிரிவுக் காட்சி, பிறகு கதை கோ பக்கம் ஓடிவிட்டது. கோவுக்கு அம்மா இறந்த துக்கம் இருக்கிறது, எனக்கும் புரிகிறது. அதற்காக எல்லோரையும் காக்க வைக்க வேண்டுமா? குருமிக்குத் தனிக்கதை எழுதியது மாதிரி டோமாவுக்கும் ஒன்று எழுதச் சொல்லி சகிசாகாவுக்கு மனுப் போட யாராவது தயார் என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. கோ கட்சிக்காரர்கள் வரிசையாக வாருங்கள், பதில் சொல்ல நேரம் இருக்கிறது.