டிக் அடித்த படிவத்தை நம்பாதீர்கள்

ஆசிரியர் பயிற்சி முடிகிற நேரத்தில் ஒரு படிவம் கொடுப்பார்கள். 'மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டும்.' எல்லோரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று, எதிரில் அதிகாரி நிற்கிறார். உடன்படவில்லை என்று யார் எழுதுவார்கள்? சிறப்புப் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போய்வருகிறவள் சொல்கிறேன், அந்த டிக்கை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஒரு மூன்றாம் வகுப்பு. போர்டில் கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. கதவோரக் கடைசி பெஞ்சில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன். அவன் முன்னால் மட்டும் வண்ணம் தீட்ட ஒரு வாத்துப் படமும் நுனி உடைந்த கிரேயானும். டீச்சர் அவன் மேல் பிரியம் உள்ளவர். அவன் மூக்கொழுகினால் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். "அவன் பாட்டுக்கு இருப்பான் மேடம், ஒரு தொந்தரவும் கிடையாது" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பாடவேளை முழுக்க அவனிடம் ஒரு கேள்விகூடப் போகவில்லை. இவரும் 'முற்றிலும்' போட்டவர்தான். பொய்யாகப் போடவில்லை. ஆனால் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று உள்ளுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. அது முடிவானது அவருக்கே தெரியாது.

இப்படிப்பட்ட உள்மனப் போக்கை அளக்கத்தான் 1998-ல் ஆந்தனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் ஐஏடி (Implicit Association Test, மறைமுகத் தொடர்புச் சோதனை) என்ற சோதனையை வெளியிட்டார்கள். திரையில் படங்களும் சொற்களும் மாறி மாறி வரும், இரண்டு பட்டன்களால் பிரிக்க வேண்டும். ஒரு சுற்றில் ஊனத்தைக் காட்டும் படத்துக்கும் கெட்ட சொல்லுக்கும் ஒரே பட்டன், அடுத்த சுற்றில் அதே படத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பட்டன். எந்தச் சுற்றில் கை தயங்குகிறது என்பதை மில்லிவினாடியில் கணக்கெடுப்பார்கள். நல்ல சொல்லோடு சேரும்போது கை அதிகம் தயங்கினால், மனசு ஊனத்தைக் கெட்டதோடு சேர்த்துப் பார்க்கிறது என்று கணக்கு. நம் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பானாஜி இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் டெசா சார்ல்ஸ்வொர்த்தும் 2007 முதல் 2016 வரையிலான அமெரிக்கத் தரவுகளைப் பார்த்தபோது, ஓரினச்சேர்க்கையாளர் மீதான மறைமுகச் சாய்வு (இந்தச் சோதனையில் தெரிகிற உள்மனப் பாரபட்சம்) மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் மீதானது ஏறக்குறைய அப்படியே இருந்தது. இத்தனைக்கும் வாய்விட்டுக் கேட்டால் வந்த பதில்கள் நல்லபடியாக மாறியிருந்தன. அதைப் படித்தபோது எனக்கு அந்த வாத்துப் படம்தான் ஞாபகம் வந்தது.

சரி, இந்தச் சோதனையை இங்கேயும் வைத்துவிடலாமா? ஆய்வுக்கு வையுங்கள், ஆசிரியரைத் தரம் பிரிக்க வைக்காதீர்கள். ஒரே ஆள் இன்னொரு நாள் எடுத்தால் மதிப்பெண் மாறும். பெரிய கூட்டத்தின் போக்கைச் சொல்லலாம், தனி ஆளின் நடத்தையைச் சொல்ல அதற்கு வலு போதாது. அப்புறம், பிரபலமான அந்த ஊனச் சோதனையில் வருவது சக்கர நாற்காலி, ஊன்றுகோல் மாதிரிப் படங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை அதில் எங்கே இருக்கிறது? ஆட்களைப் பற்றிய எண்ணமும், அவர்களோடு ஒரே வகுப்பில் பாடம் நடத்துவது பற்றிய எண்ணமும் ஒன்றில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீச்சரின் தயக்கம் எல்லாமே வெறுப்பு கிடையாது. நாற்பது பிள்ளைகளை ஒற்றையாளாக வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாத பயமும் அதில் இருக்கிறது. உதவிக்கு வர வேண்டிய நானே எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கிறேன். ஒரு ஆளுக்கு அத்தனை பள்ளி.

அதனால் பயிற்சிக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் கோரிக்கை: படிவத்தை விட்டுவிட்டு, ஒரு பாடவேளை வகுப்பின் பின்னால் உட்காருங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எத்தனை முறை கூப்பிடப்பட்டது, எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று குறியுங்கள். டீச்சருக்கு மெமோ கொடுக்க வேண்டாம். அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள், கூடவே அந்த வகுப்புக்குத் துணைக்கு ஒரு ஆளையும் கொடுங்கள்.