கிராசிங் பார்க்க மட்டும் என்றால் போகாதீர்கள்

"அக்கா, ஆகஸ்ட்ல போனா ரிவர் கிராசிங் கன்ஃபார்மா?"

கென்யா படங்களைப் போட்டதிலிருந்து உள்பெட்டியில் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். வில்டபீஸ்ட் என்கிற, மாடு போன்ற பெரிய மான்கள் கூட்டம் கூட்டமாக ஆற்றைத் தாண்டுவதைத்தான் கிராசிங் என்கிறார்கள். சிலர் டிராவல்ஸ்காரர் அனுப்பிய பிடிஎஃபையே எனக்கு அனுப்பி, சரியா இருக்கா பாருங்க என்கிறார்கள். அதில் 'கிரேட் மைக்ரேஷன், கிராசிங் கேரன்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த கேரன்டியை வில்டபீஸ்ட்டுகளிடம் யார் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார்களோ!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் திட்டிவிட்டுப் போகலாம். மாரா ஆற்றை அவை தாண்டும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்காக மட்டும் லட்சங்களைச் செலவழித்து கிழக்கு ஆப்பிரிக்கா போக நினைப்பவர்கள், போகாமல் இருப்பதே நல்லது.

வலசை, அதாவது புல்லும் தண்ணீரும் தேடி இவை இடம்பெயர்வது, ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடிகிற திருவிழா இல்லை. வருடம் முழுக்க நடக்கிற நடை. ஜனவரி முதல் மார்ச் வரை வில்டபீஸ்ட்டுகள் டான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் தெற்கிலும் அதை ஒட்டிய ந்டூட்டு புல்வெளியிலும் இருக்கின்றன. அங்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைந்த குட்டைப் புல். பால் கொடுக்கிற தாய்களுக்கு அந்தப் புல்தான் வேண்டும். பிப்ரவரியை ஒட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான குட்டிகள் பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலி எவ்வளவுதான் தின்னும்? ஒரே சமயத்தில் எல்லோரும் பெற்றுப் போட்டால் மிச்சம் நிறையவே பிழைக்கும் என்கிற கணக்கு. பிறந்த குட்டி பத்து நிமிடத்துக்குள் எழுந்து நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடவும் செய்கிறது.

மே மாதம் மழை நின்றால் அந்தப் புல்வெளி காய்ந்துவிடும், குடிக்கத் தண்ணீர் இருக்காது. மேற்கே க்ருமெட்டி ஆறு, பிறகு வடக்கே கென்ய எல்லையை ஒட்டிய மாரா ஆறு என்று நகர்கின்றன. கோடையில் வற்றாமல் ஓடுகிற ஆறு அந்தப் பக்கத்தில் மாரா ஒன்றுதான். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அதன் இரு கரையிலும் திரிகின்றன, ஒரே ஆற்றை இப்படியும் அப்படியும் பல தடவை தாண்டுகின்றன. நவம்பரில் தெற்கே மழை இறங்கியதும் திரும்பிவிடும். வரிக்குதிரைகள் முன்னால் போய் உயரமான முரட்டுப் புல்லை மேய, அடுத்து வில்டபீஸ்ட் வந்து நடுத்தரப் புல்லைத் தின்ன, கடைசியில் தாம்சன் மான்கள் புதுத் துளிரைக் கடிக்கும். சிங்கங்கள் இந்தக் கூட்டத்தின் பின்னாலேயே போவதில்லை. அவற்றுக்குச் சொந்த எல்லை உண்டு. மந்தை போய்விட்டால் அந்த எல்லைக்குள் கிடைத்ததை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

இத்தனையும் இருக்க, நமக்கு டிவி காட்டியது ஆறும் முதலையும் மட்டும். அதனால்தான் அந்த கேரன்டி.

கிராசிங் நானும் பார்த்தேன். கென்யப் பக்கம், மாசாய் மாரா காப்பகத்தில். காலையிலிருந்து கரையைவிட்டுத் தள்ளி, புதர் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தோம். முதல் விலங்கு தண்ணீரில் இறங்கும்வரை வண்டிகள் கரைக்கு வரக்கூடாது. எதிர்க்கரையில் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. முன்னால் நிற்பவை தண்ணீர்வரை இறங்கும், முகர்ந்து பார்க்கும், என்ன தோன்றுமோ, சட்டென்று திரும்பி மேட்டில் ஏறி ஓடும். பின்னால் நிற்பவை குழம்பும். புழுதி அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து. இந்த நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இறங்கலாமா வேண்டாமா என்று ஆயிரக்கணக்கான விலங்குகள் சேர்ந்து யோசிப்பதைக் கூடவே உட்கார்ந்து பார்ப்பது ஒரு அனுபவம். எங்கள் வண்டியில் ஒருவர் "டைம் வேஸ்ட்" என்று போனில் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மதியத்துக்கு மேல் ஒன்று இறங்கியது. அவ்வளவுதான், எல்லாம் இறங்கின. அதே நொடியில் இத்தனை வண்டி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாமல் நாலா பக்கமிருந்தும் லேண்ட் குரூஸர்கள் பாய்ந்தன. குறைந்தது ஐம்பது இருக்கும். டீசல் புகை, கூரைத் திறப்பில் எழுந்து நிற்கிற மனிதர்கள், குழாய் குழாயாய் லென்ஸ்கள். விலங்குகள் மேலே ஏறி வருகிற பாதையின் வாயிலேயே இரண்டு வண்டிகள் நின்றுவிட்டன. ஏறி வந்தவை மிரண்டு பக்கவாட்டில் திரும்பின. அங்கே கரை செங்குத்து. ஏறப் பார்த்துச் சரிந்து, பின்னால் வருபவற்றின் மேல் விழுந்தன. கரை சேர்ந்துவிட்ட ஒரு குட்டி, தாயைக் காணாமல் கத்திக்கொண்டே திரும்பவும் ஆற்றில் இறங்கியது. கூரைகளிலிருந்து விசில், கைதட்டல்.

எங்கள் ஓட்டுநர் தள்ளியே நிறுத்தியிருந்தார். "கொஞ்சம் முன்னாடி போகச் சொல்லுங்க, டிப்ஸ் சேர்த்துக் குடுத்துடலாம்" என்றார் நம்ம ஆள் ஒருவர். ஓட்டுநர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். "அவை வெளியே வர வழி வேண்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

அந்த டிப்ஸ் பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்டுநர்கள் மோசமானவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர்களில் பலருக்குச் சம்பளம் குறைவு, பருவ காலத்தில் வருகிற டிப்ஸும் விருந்தினர் எழுதுகிற ரெவ்யூவும்தான் வருடத்தை ஓட்டுகிறது. "எங்கள் டிரைவர் கிராசிங்கைச் சரியாகக் காட்டவில்லை" என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டால் அடுத்த வருடம் அவருக்கு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். பின் சீட்டிலிருந்து வருகிற அழுத்தம்தான் அந்த ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது. 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வட முனையான கோகடெண்டேயில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டே இறங்கிக் கரையில் நின்று வழியை அடைத்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியதே, நினைவிருக்கும். நாங்கள் பார்த்தது அதற்கு ஒரு படி கீழே, அவ்வளவே.

நுழைவுக் கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்கிறார்கள். மாசாய் மாராவில் 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர்வரை ஒரு நாளைக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அதிகம் கொடுத்தவன் அதிகம் கேட்பான். ருவாண்டாவில் மலைக் கொரில்லா பார்க்க ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பேர், ஒரு மணி நேரம், அதோடு முடிந்தது. மாராவிலேயே சிங்கம், சிறுத்தையைச் சுற்றி 5 வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆற்றுக் கடவுகளுக்கும் இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கை வைத்து, மீறினால் வண்டியின் உரிமத்தைப் பிடுங்க வேண்டும். கிராசிங் எங்கே எப்போது என்று யாருக்கும் தெரியாதே, எப்படி ஒதுக்குவது என்பார்கள். கஷ்டம்தான். அதற்காக இப்படியே விட்டுவிட முடியுமா?

முதலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாரா ஆற்றில் சாகிற வில்டபீஸ்ட்டுகளில் பெரும்பாலானவை முதலை வாயில் போகவில்லை, மூழ்கித்தான் சாகின்றன. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்குச் சராசரியாக 6,250 மூழ்குவதாகக் கணக்கிட்டது. கிட்டத்தட்ட 1,100 டன் உடல்கள். அதில் முதலைகள் தின்பது 2 சதவீதம்தான். மிச்சத்தில் ஒரு பங்கு பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் பெருநாரைகளுக்கும் மீன்களுக்கும் போகிறது. எலும்புகள் கரைய ஏழு வருடம் ஆகிறது, அதுவரை அவற்றிலிருந்து கசியும் பாஸ்பரஸ் ஆற்றுக்கு உரம். எனவே சாவதே பாவம் என்று நான் அழவில்லை. அந்தச் சாவு அந்த ஆற்றின் உயிர். வழியில் வண்டியைப் போட்டு நாம் அதைக் கூட்டுவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, இதைத்தான் எந்த பிடிஎஃபும் சொல்லாது. 'ஆதிகாலம் முதல் மாறாத காட்சி' என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அவ்வளவு எளிமையான கதை இல்லை. 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மாடுகளோடு ஒரு கொள்ளை நோய் இறங்கியது. நம் கிராமங்களில் வெக்கை நோய் என்பார்களே, அதேதான். சில வருடங்களுக்குள் கண்டம் முழுக்கப் பரவி மாசாய் என்கிற மேய்ச்சல் மக்களின் மாடுகளை அள்ளிக்கொண்டு போனது. மாடு போனதும் மனிதர்கள் பட்டினியில் செத்தார்கள். வில்டபீஸ்ட்டும் காட்டெருமையும் கொத்துக்கொத்தாக மடிந்தன. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த நோய் குட்டிகளைத் தின்றுகொண்டே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் இருந்தவை சுமார் இரண்டரை லட்சம்தான்.

பிறகு என்ன ஆயிற்று? சுற்றிலும் இருந்த மேய்ச்சல்காரர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மாட்டில் நோய் அடங்கியதும் காட்டிலும் அடங்கியது. 1970களின் பிற்பாதிக்குள் வில்டபீஸ்ட் 13 லட்சமாயின. இத்தனை வாய்கள் புல்லை மேய்ந்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-ல். 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆக, நாம் பார்த்து வாய்பிளக்கிற அந்த விலங்குக் கடலில் ஊசி போட்ட கால்நடை மருத்துவருக்கும், மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாசாய்க்கும் பங்குண்டு.

அந்த மாசாய்க்கு என்ன கிடைத்தது? 1959-ல் செரெங்கெட்டியை விட்டு வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கோரோ பக்கம் அனுப்பப்பட்டார்கள். 2022-ல் டான்சானியாவின் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை அரசு வனவிலங்குக்கென்று எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது துப்பாக்கிச் சூடுவரை போனது. கென்யப் பக்கம் கொஞ்சம் தேவலை. மாராவை ஒட்டி வனவிலங்குக்கென்று ஒதுக்கிய கன்சர்வன்சிகளில் நிலம் மாசாய் குடும்பங்கள் பேரில் இருக்கிறது, சுற்றுலா முகாம்கள் மாதாமாதம் குத்தகை கொடுக்கின்றன. எங்கள் ஓட்டுநர் குடும்பத்துக்கும் அப்படி ஒரு துண்டு நிலம் உண்டு. கொரோனா காலத்தில் பணம் குறைந்தபோது பட்ட பாட்டைச் சொன்னார். "சுற்றுலா வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்" என்றார். எழுதவில்லை.

குத்தகைப் பணம் வராத இடத்தில் வேலி வருகிறது. மாராவுக்கு வடகிழக்கே லொய்டா சமவெளியிலிருந்து வருகிற இன்னொரு வலசை உண்டு, பெரிய வலசைக்குத் தம்பி. 1970களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த அந்த மந்தை, 2010களில் 20,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது. கோதுமை வயல், கம்பி வேலி, பிரித்துக் கொடுக்கப்பட்ட மனைகள். பெரிய வலசைக்கும் இப்படி ஓர் ஆபத்து வந்தது. செரெங்கெட்டியின் வடக்கை வெட்டிக்கொண்டு தார்ச்சாலை போட டான்சானியா திட்டமிட்டது, கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் 2014-ல் கூடாது என்றது.

இன்னொரு சேதி. 13 லட்சம் என்று நானும் 1970களின் கணக்காக மேலே எழுதினேன், இன்றும் அவ்வளவு இருப்பதாகவே எல்லோரும் எழுதுகிறோம். 2025-ல் வந்த ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்கு ஊட்டி எண்ணிப் பார்த்ததில் 6 லட்சத்துக்கும் குறைவாகவே கிடைத்தது. பாதி செத்துவிட்டது என்று பொருளில்லை, மரத்தடியில் நின்றவையும் படத்துக்கு வெளியே இருந்தவையும் விடுபட்டிருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதிலேயே இத்தனை இடைவெளி இருக்கும்போது, குறைந்தால் நமக்கு எப்போது தெரியும்?

சரி, போகிறவர்களுக்கு. ஆற்றை மறந்துவிட்டு பிப்ரவரியில் ந்டூட்டு போங்கள். குட்டிகளைப் பாருங்கள், செலவும் உச்ச பருவத்தைவிடக் கொஞ்சம் குறையும். ஆகஸ்ட் விடுமுறையில்தான் முடியும் என்றால் முதல் நாளே ஓட்டுநரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கிராசிங் கட்டாயமில்லை, கூட்டமாக இருந்தால் திருப்பிவிடுங்கள், டிப்ஸ் குறையாது." நாங்கள் இதைச் சொன்ன மறுநாள் அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை. வண்டியே இல்லாத ஒரு சமவெளியில் நிறுத்தினார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மந்தை, ஒற்றை வரிசையாக நடந்து வருகிறது, முனகல் போல ஒரு சத்தம் நிற்காமல். போனில் படம் பார்த்தவர்கூட அன்றைக்கு பைனாகுலரைத் தரவில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், நாள் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டதற்குச் சான்றான அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமை வார்டுக்குத்தான் அனுப்புவார்கள்.