மலையாளத்துல ஆதாரம் (நிலப் பத்திரம்) இருந்தா வீட்டுக்கடன் கிடையாதா?

அப்பா 24 வருஷம் பட்டாளத்துல இருந்தவர். மார்த்தாண்டம் பக்கத்துல 6 சென்ட்ல வீடு கட்ட கடன் கேட்டு, மூணு மாசமா பேங்குக்கு நடக்கிறார். முன்னாதாரம், அதாவது நிலத்தோட பழைய பத்திரம், மலையாளத்துல இருக்காம், மொழிபெயர்த்துக் கொண்டு வரணுமாம். கொண்டு போனா, வேற ஆள் கையெழுத்து வேணுமாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த மண்ணு திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு. அந்தக் காலத்துப் பத்திரம் வேற எந்த மொழியில இருக்கும்? குமரி மாவட்டத்துல கிளை வச்சிருக்கவங்களுக்கு இதுகூடவா தெரியாது?

ராணுவ வீட்டுவசதி நிறுவனம் 1978-லயே வந்தாச்சு. ஆனா அது தர்றது பெரும்பாலும் அடுக்குமாடி ஃபிளாட். அப்பாவுக்கு வேண்டியது தாத்தா வச்ச அயனிப் பிலா மரம் நிக்கிற இந்தத் துண்டு நிலம்தான்.

பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கை மழையில நனையாம பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, நாளைக்கும் காலையில ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறார்.