நிகழ்வியலை எடித் ஸ்டைனிடமிருந்து தொடங்குங்கள்

நிகழ்வியல் (phenomenology) என்ற தத்துவப் போக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஹுஸ்ஸெர்ல், ஹைடெக்கர், சார்த்தர், மெர்லோ-பாந்தி என்று நாலு தத்துவவாதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த வரிசையில் ஜெர்மன் தத்துவவாதி எடித் ஸ்டைன் இல்லாதது எனக்கு நெடுநாள் ஆதங்கம். ஒப்புக்கு ஒரு பெண் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு அவரைவிட நல்ல வாசல் கிடையாது.

நிகழ்வியல் என்றால் மனம்போன போக்கில் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று எழுதுவது எனப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதைத் தொடங்கிவைத்த ஹுஸ்ஸெர்ல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஒரு விஷயம் நமக்கு எந்த விதத்தில் தெரியவருகிறது என்பதை, விளக்கம் தேடி ஓடுவதற்கு முன், பொறுமையாக விவரிக்கச் சொன்னவர். அந்தப் பொறுமையை ஸ்டைனிடம் கண்ணெதிரே பார்க்கலாம்.

அவர் 1916இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு ஒத்துணர்வைப் (empathy) பற்றியது, அதாவது அடுத்தவரின் உணர்வு நமக்கு எப்படித் தெரியவருகிறது என்பதைப் பற்றியது. இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு பெண் போனைக் காதில் வைத்திருக்கிறாள். எதிர்முனைப் பேச்சு நமக்குக் கேட்கவில்லை. அவள் முகம் சட்டென்று வெளிறுகிறது, கை பக்கத்துச் சுவரைத் தேடுகிறது. 'பயந்தால் என் முகமும் இப்படித்தான் ஆகும், ஆகவே இவளும் பயந்திருக்க வேண்டும்' என்று நாம் கணக்குப் போடுவதில்லை. பயத்தை அந்த முகத்திலேயே பார்த்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பயம் நம்முடையதாகிவிடுவதும் இல்லை. உள்ளிருந்து அனுபவிப்பவள் அவள்தான். இந்த இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டதுதான் ஸ்டைனின் பெரிய காரியம். நாம் பார்த்தது தப்பாகவும் இருக்கலாம், அப்புறம் அவள் பேசும்போது திருத்திக்கொள்கிறோம். அதற்கும் அவரிடம் இடமுண்டு.

ஹுஸ்ஸெர்லின் உதவியாளராக ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் 1918 வரை ஸ்டைன் இருந்தார். சுருக்கெழுத்தில் கிடந்த ஹுஸ்ஸெர்லின் கையெழுத்துப் படிகளைப் படித்து ஒழுங்குபடுத்திய உழைப்பு அவருடையது. கால உணர்வு பற்றிய ஹுஸ்ஸெர்லின் விரிவுரைகளை நூல் வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 1928இல் அது வெளிவந்தபோது பதிப்பாசிரியர் என்று அச்சானது ஹைடெக்கரின் பெயர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பேராசிரியர் தகுதிக்காக 1919இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முயன்றார். பெண் என்பதால் கதவு மூடியது. சும்மா இருக்கவில்லை, பிரஷ்யக் கல்வி அமைச்சகத்துக்கு எழுதினார். பெண்ணாக இருப்பது இந்தத் தகுதிக்குத் தடையாகாது என்று 1920இல் ஆணை வந்தது. இருந்தும் அவருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. யூதக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் கத்தோலிக்கத் துறவியான அவரை, 1942இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கொன்றார்கள்.

வாழ்க்கைக் கதை மனதைப் பிசைகிறது, சரி. ஆனால் இரங்கலோடு நிறுத்திக்கொண்டு அவர் எழுதியதைப் படிக்காமல் விடுவது இன்னொரு அநியாயம். ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' நூலை எடுத்துப் பத்துப் பக்கத்தில் திணறி வைத்துவிட்டவர்கள், முதலில் ஒத்துணர்வு பற்றிய அந்தச் சின்னப் புத்தகத்தை எடுங்கள்.