டிக்கெட் இல்லாதவருக்கும் வாய் உண்டு
'மேட்ச் பார்க்காதவர்களுக்கு அணியை விமர்சிக்க உரிமையில்லை' என்று இந்தக் கால்பந்துக் கட்டுரை ஒரே போடாகப் போடுவதை ஏற்க முடியவில்லை. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கால்பந்து கிளப்புகள் சூப்பர் லீக் என்ற தனிப் போட்டித்தொடராகத் தனிக்கடை போடக் கிளம்பின. கொரோனாவால் அந்த சீசனின் பெரும்பாலான ஆட்டங்களுக்கு இங்கிலாந்து ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே போகவில்லை. அவர்கள்தான் அதை எதிர்த்து இணையத்திலும், செல்சி கிளப்பின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதான வாசலிலும் கொந்தளித்தார்கள். அறிவிப்பு வந்த இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் பின்வாங்கின. ஆட்டத்துக்கு வராதவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? மேலே கருத்து எழுதிய ஒருவர் 'டிவியிலாவது பார்க்கலாமே' என்கிறார். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டங்களை நேரலையாகக் காட்ட 1960களிலிருந்தே தடை இருக்கிறது. டிக்கெட்டும் கிடைக்காதவர் என்னதான் செய்வார்? இங்கே நமக்கோ ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும், காலை ஷிஃப்ட் போகிறவர் எப்படி விழித்திருப்பார்? டிக்கெட் விலை, நிர்வாகம், ஆள் வாங்குவது பற்றியெல்லாம் யாரும் பேசலாம். ஆனால் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு ஒரு ஆட்டக்காரரைக் குதறுவதில் மட்டும் கட்டுரையாளர் பக்கம்தான் நான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை 3-0 என்று பார்த்ததுமே கோல்கீப்பரைத் திட்டித் தீர்த்தார்கள். அந்த ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்திருந்தேன். ஒரு கோல் சொந்த டிஃபெண்டரின் முழங்காலில் பட்டுத் திசைமாறிப் போனது, மற்ற இரண்டிலும் அவர் முன்னால் தடுக்க ஒரு ஆள்கூட இல்லை.