ஸோஃபை யாரும் நீக்கவில்லை
"கோல்கீப்பராக இருந்தவர் தலைமைப் பயிற்சியாளராக எதையும் ஜெயித்ததில்லை, இத்தாலியப் பயிற்சியாளர் டினோ ஸோஃபையே யூரோ 2000 (ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை) தோல்விக்குப் பிறகு துரத்திவிட்டார்கள்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1982-ல் 40 வயதில் இத்தாலியின் கோல்கீப்பராகவும் கேப்டனாகவும் உலகக் கோப்பையைத் தூக்கியவர் ஸோஃப். பயிற்சியாளரானபின் 1990-ல் இத்தாலிய கிளப்பான யுவென்டஸுக்கு யூஇஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பிய கிளப்களுக்கான போட்டி), இத்தாலியக் கோப்பை இரண்டையும் ஒரே பருவத்தில் வென்று கொடுத்தார்.

யூரோ 2000 இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். பிரான்ஸுக்கு எதிராக ஸோஃபின் இத்தாலி 1-0 முன்னிலை. இத்தாலியின் மாற்று வீரர்கள் கொண்டாடத் தயாராக எல்லைக்கோட்டருகே நிற்கிறார்கள். காயநேரத்தில் பிரான்ஸின் வில்டோர் அடித்த தாழ்வான பந்து இத்தாலிய கோல்கீப்பர் டோல்டோவைத் தாண்டி உள்ளே போகிறது. கூடுதல் நேரத்தில் பிரான்ஸின் ட்ரெஸகே அடித்த கோல்டன் கோல் (அடித்த உடனேயே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல்), அவ்வளவுதான். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. பிரான்ஸின் நட்சத்திரம் ஜிடானைத் தடுக்கத் தனியாக ஆள் போடவில்லை என்று இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனி வெளிப்படையாகச் சாடினார். அந்த வார்த்தைகள் தன்னை அவமதித்ததாகக் கருதி ஸோஃப் தானாகவே ராஜினாமா செய்தார். இத்தாலியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை நீக்கவில்லை.

ஸ்பெயின் பயிற்சியாளர் லோபெதெகியும் கோல்கீப்பராக இருந்தவர்தான். 2020-ல் செவியா கிளப்பின் பயிற்சியாளராக யூரோப்பா லீக் (யூஇஎஃப்ஏ கோப்பையின் புதிய பெயர்) வென்றார். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.