கூத்து முடிந்ததும் அவர்கள் எங்கே படுத்தார்கள்?

எங்கள் ஊர் ஓமலூர் பக்கம். மாரியம்மன் பண்டிகை என்றால் ஒரு ராத்திரி கூத்து கட்டாயம். ஆறு வருஷமாகக் கமிட்டியின் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவில் திட்டு வாங்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

போன வருஷம் இரணியன் கூத்து. விடியவிடிய நடந்து, தூணைப் பிளந்து நரசிம்மர் வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. ஊரே வீட்டுக்குப் போய்ப் படுத்தது. ஏழு மணிக்குப் பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கப் போனேன். இரணியன் கட்டியவர் கோயிலுக்குப் பின்னால், புளியமரத்தடியில் உரச்சாக்கை விரித்துக் கிடந்தார். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தும் காதோரம் அரிதாரம் போகவில்லை, அதில் ஈ மொய்த்தது. தலைக்கு மேலே கூம்பு ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு.

“தூங்கலையாண்ணா?”

“உடம்பு இன்னும் ஆடிட்டே இருக்குது தம்பி. அடங்கோணுமில்ல.”

அன்று ராத்திரி மேச்சேரி பக்கம் அவர்களுக்கு அடுத்த கூத்து.

மரக்கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்து, அடிவயிற்றிலிருந்து பாடி, சுற்றிச் சுற்றி ஆடியவருக்கு நெஞ்சுப் படபடப்பு இறங்கவே நேரமாகும். அதற்குள் வெயில் வந்துவிடும். கண்ணில் வெளிச்சம் பட்டால் உடம்பில் மெலடோனின் சுரப்பது குறைந்து, வருகிற தூக்கமும் தள்ளிப்போகும். அதனால்தான் சிலர் குவார்ட்டரைத் தேடுகிறார்கள். குடித்தால் சட்டென்று கண் சொருகும், ஆனால் பாதித் தூக்கத்தில் விழிப்பு வந்துவிடும். ‘கூத்தாடி என்றாலே குடிகாரன்’ என்று பேசுகிற எங்கள் கமிட்டி ஒரு நாளாவது அவர்களுக்குப் பாய் கொடுத்திருக்கிறதா?

கூத்து நடக்கும்போதே திரைக்குப் பின்னால் ஒரு தூக்கம் உண்டு. அடுத்த வேஷத்துக்கு நேரம் இருக்கிறவர் கட்டையைக் கழற்றாமல் பெட்டிமேல் சாய்ந்து கண் அசருவார். மிருதங்கத்தில் தன் வரவுக்கான அடி விழுந்ததும் எழுந்து நிற்பார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

நிஜமாகப் பயந்தது வேன் கிளம்பியபோதுதான். ஓட்டுகிறவர் ராத்திரி முழுக்கத் தாளம் போட்டவர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர் அளவுக்குக் கவனம் மங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிப்பது 0.03 வரைதான். அப்படிப்பட்டவரிடம், டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்காமல் “பார்த்துப் போங்கண்ணே” என்று கையசைத்து அனுப்பினேன்.

சமுதாயக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி கமிட்டியிடமே இருக்கிறது. போன வாரக் கூட்டத்தில் அதைத் திறந்துவிடலாம், மத்தியானம் வரை ஸ்பீக்கரை நிறுத்தலாம் என்றேன். “சம்பளம் பேசித்தானே வர்றாங்க, ஃபேன் வேறயா?” என்றார் ஒரு பெரியவர். சரி, வானவேடிக்கைக்கு மட்டும் கேள்வியே இல்லாமல் கையெழுத்துப் போடுகிறோம்.

இந்த வருஷ நோட்டில் ரேடியோ செட், சீரியல் லைட்டுக்குக் கீழே ‘பாய், தலையணை 12’ என்று எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் அந்த வரியை அடிக்கவில்லை.